வரிசையில் நின்றால் கூடைப்பந்து வராது

மதுரையில் பல வருடங்களாகச் சிறுவர், சிறுமியருக்குக் கூடைப்பந்து சொல்லித்தரும் கோச், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கோடைக் கேம்பில் ஆரம்பித்தவன், இப்போது தினமும் காலையில் கிளப்புக்குப் போகிறான். இரண்டு கையாலும் இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கி எறிகிறான், ரிங்கைத் தொடுவதே இல்லை. கையில் பலமில்லை, தண்டால் எடுக்க வையுங்கள் என்கிறார்கள். சரிதானா?
– ஒரு அம்மா, கே.புதூர்

தண்டால் இருக்கட்டும் அம்மா, முதலில் அந்தப் பந்தைப் பாருங்கள். அதில் 7 என்று போட்டிருந்தால் அது பெரிய ஆண்கள் ஆடுகிற பந்து, 600 கிராம் பக்கம் இருக்கும். உங்கள் பையனுக்கு வேண்டியது 5-ஆம் நம்பர், 500 கிராமுக்குள் அடங்கிவிடும். ரிங்கும் அப்படித்தான். நாம் எல்லா கிரவுண்டிலும் பார்க்கிற 3.05 மீட்டர் உயரம் பெரியவர்களுக்கானது, 12 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆடும் மினி பாஸ்கட்பாலில் ரிங்கை 2.60 மீட்டரில்தான் மாட்டுவார்கள். கனமான பந்து, எட்டாத ரிங், இரண்டும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் இடுப்பிலிருந்துதான் எறியும், வேறு வழி அதற்கு இல்லை. அது பழகிப்போய்விட்டால் 15 வயதில் பலம் வந்த பிறகும் கை அங்கேயேதான் போகும், அப்புறம் அதை மாற்ற அவனும் கோச்சும் படுகிற பாடு பெரியது.

நம் ஊர் கோர்ட்டுகளில் ரிங்கை இறக்க வசதி கிடையாது, தெரியும். அதனால் 5-ஆம் நம்பர் பந்தைக் கொடுத்து, ரிங்குக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று அடி தள்ளி நிறுத்துங்கள். வலது கை பந்துக்கு அடியில், இடது கை பக்கவாட்டில் சும்மா அணைத்தபடி, முழங்காலை மடக்கி எழும்பி, கடைசியில் மணிக்கட்டு மடங்கி விழ வேண்டும். அங்கிருந்து சுலபமாகப் போகிறது என்றால் ஒரு அடி பின்னால் போகலாம், தூக்கி எறிய ஆரம்பித்தால் உடனே முன்னால் வர வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஒரு நாள் கோர்ட் ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் அவன் கைக்கு எத்தனை முறை பந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருபது பேரை வரிசையில் நிறுத்தி ஒரே பந்தில் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது) போட வைத்தால், பிள்ளை பெரும்பாலும் முன்னால் நிற்பவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஆளுக்கொரு பந்து, இல்லையென்றால் இரண்டு பேருக்கு ஒன்று, கடைசி இருபது நிமிடம் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆட்டம். இந்த வயதுக்கு அதுதான் பயிற்சி. கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: சார், எனக்கு 13 வயசு, கிளாஸில் நான்தான் குள்ளம். பாஸ்கட்பால் ஆடினால், கம்பியில் தொங்கினால் வளர்வேனா?
– ஒரு மாணவன், உசிலம்பட்டி

தம்பி, உயரம் பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, தொங்கி வளர முடியாது. சிலருக்கு 13-க்கு அப்புறம்தான் வளர்ச்சியே வேகமெடுக்கும், அதனால் இப்போதே முடிவு கட்டாதே. நன்றாகச் சாப்பிடு, ராத்திரி போனை வைத்துவிட்டுத் தூங்கு. 5 அடி 3 அங்குலம் இருந்த மக்ஸி போக்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டு போவார், உயரமானவர்கள் குனிந்து பறிப்பதற்குள் தாண்டிவிடுவார். நீ இடது கையில் ட்ரிப்ளிங் பழகு, பந்தைப் பார்க்காமல்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்ததிலிருந்து அவளுக்குக் கூடைப்பந்துதான் எல்லாம். இப்போது இரண்டு முழங்கால் சில்லுக்கும் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே வலிக்கிறது. வலியோடு ஆடினால்தான் உரம் ஏறும் என்கிறார் அவளுடைய கோச்.
– ஒரு தந்தை, திருமங்கலம்

வலியோடு ஆடச் சொல்வது தப்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வளரும் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்கிற தொந்தரவு போல இருக்கிறது. அந்த வயதில் எலும்பு வேகமாக நீளும், தொடைத் தசை அதே வேகத்தில் நீளாமல் இறுகிப்போகும். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அந்தத் தசையின் நாண், முழங்காலுக்குக் கீழே இன்னும் முற்றாத எலும்பைப் பிடித்து இழுக்கும். பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் தானாகவே அடங்கிவிடும். ஆனாலும் ஊகத்தில் விடாமல் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரவில் வலி, காய்ச்சல், நொண்டி நடப்பது என்று ஏதாவது இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அவளை வீட்டிலேயே உட்கார வைக்க வேண்டும் என்றும் இல்லை. நம் கோர்ட்டுகள் முக்கால்வாசி சிமெண்ட், ஒவ்வொரு குதிப்பும் முழங்காலில்தான் போய் இறங்கும், அதனால் குதிப்பதையும் வேகமாக ஓடி நிற்பதையும் டாக்டர் சொல்லும் வரை நிறுத்திவைத்து, நின்ற இடத்தில் ட்ரிப்ளிங், நாற்காலியில் உட்கார்ந்தபடி பாஸ் என்று வலி வராத அளவுக்குப் பழகட்டும். ஆடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். 13 வயதில் ஒரு போட்டி போனால் போகட்டும்.

கேள்வி: கோடையில் கூட நடுவில் தண்ணீர் குடிக்க விடுவதில்லை, குடித்தால் மூச்சு வாங்குமாம்.
– ஒரு வாசகி, திருப்பாலை

கத்திரி வெயிலில் இது ஆபத்து. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். தலை சுற்றுகிறது என்று பிள்ளை சொன்னால் உடனே நிழலுக்குக் கூட்டிப்போய் உடம்பை நனைக்க வேண்டும். இதை ஏற்காத கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கேள்வி: மகள் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். வயசுக்கு வந்த பிள்ளையை அரை டவுசரில் ஆட விடுவதா என்று மாமியார் சண்டை, கணவரும் தயங்குகிறார்.
– ஒரு தாய், மேலூர் அருகே

உங்கள் அத்தையை ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்குக் கூட்டிவாருங்கள். பேத்தி ஆடுவதைப் பார்த்த பாட்டிகள் மனம் மாறி, அப்புறம் தவறாமல் வருவதை நிறைய பார்த்திருக்கிறேன். டவுசருக்குள் கணுக்கால் வரை லெகிங்ஸ் போட்டு ஆடலாம், உடைக்காக யாரும் ஆட்டத்தை விட வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் கணவரிடம் சொல்லுங்கள், அது அவருக்குத் தைரியம் தரலாம்.

ஆனால் உங்கள் வீட்டாரின் பயத்தில் நியாயமான பாதியும் உண்டு. வெளியூர் போட்டிக்குப் பெண் பொறுப்பாளர் கூட வருகிறாரா, தங்குமிடத்தில் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டா, பெற்றோர் எப்போது வந்தாலும் பயிற்சியைப் பார்க்க விடுகிறார்களா, கோச் தனியாக ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறாரா, எல்லாவற்றையும் விசாரியுங்கள். நல்ல கோச் இதற்குக் கோபப்பட மாட்டார். தப்பாக ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம் என்பது மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: கல்லூரி அணியில் ஆடியவன். ஊர் பள்ளி கிரவுண்டில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இருப்பது ஒரே ரிங், இரண்டு பந்து. எப்படிச் சமாளிப்பது?
– ஓர் இளைஞர், வாடிப்பட்டி

தம்பி, நீங்கள் செய்வது பெரிய காரியம், விட்டுவிடாதீர்கள். ஒரே ரிங் என்பது குறையே இல்லை. 3x3 என்கிற மூன்று பேருக்கு மூன்று பேர் ஆட்டம் அரை கோர்ட்டில், ஒரே ரிங்கில் ஆடுவதுதான், 10 நிமிடம் அல்லது 21 பாயிண்ட், 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியிலிருந்து அது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. ஆறு பேர் ரிங்கில் ஆடட்டும். ஆறு பேர் பள்ளிச் சுவரில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கிடைக்கிற ரப்பர் பந்தை வைத்து பாஸ் அடிக்கட்டும். மீதிப் பேர் பந்தே இல்லாமல் டிபென்ஸ் கால் வேலை, குதித்து இரண்டு காலில் மெதுவாக இறங்குவது, இவற்றைப் பழகட்டும். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பெரிய முழங்கால் காயங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதி இடம் மாற்றுங்கள்.

ஊரில் யாராவது உதவுகிறேன் என்று வந்தால் ஜெர்சி அடிக்கச் சொல்லாதீர்கள். 5-ஆம் நம்பர் ரப்பர் பந்து பத்து வாங்கித் தரச் சொல்லுங்கள், காற்றடிக்கிற பம்பும் நாலைந்து ஊசியும் சேர்த்து.