சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்) பிரிவில் இரவு 3 மணிக்கு மேல் டீ கொடுத்தும் ஆட்கள் அசந்து போகிறார்கள். சூப்பர்வைசர் என்ன செய்யலாம்?

அந்த டீயிலிருந்தே தொடங்கலாம். 3 மணிக்குக் கொடுப்பது தாமதம். டீ வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும், அதற்குள் ஆள் அசந்திருப்பார். டீயிலுள்ள காஃபீனில் பாதி ஏறக்குறைய 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே நிற்கும் என்பதால் காலை 8 மணிக்குப் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது, மறுநாள் இரவு இன்னும் மோசம். கடைசி டீ 2 மணிக்குள் முடியட்டும். குடித்த கையோடு 15-20 நிமிடம் படுக்க விடுங்கள். எழும்போது டீயும் வேலையைக் காட்டத் தொடங்கியிருக்கும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பியதாகி, தலை மந்தமாகிவிடும். எழுந்ததும் 10 நிமிடம் மெஷினைத் தொடக் கூடாது. டியூட்டியில் தூங்குவது பல கம்பெனிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். எனவே இதை எச்.ஆர் ஒப்புதலோடு இடைவேளையாகவே எழுதி வையுங்கள்.

கொட்டாவி விடுபவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால்தான் ஆபத்து. ஒரே மைக்ரோமீட்டர் ரீடிங்கை இரண்டு முறை பார்ப்பார், அளவை அடுத்த வரிசையில் எழுதுவார், கேட்டதற்குச் சற்று நேரம் கழித்துப் பதில் சொல்வார். கண் திறந்தபடியே சில நொடி மூளை தூங்கிவிடுவதும் உண்டு. “நல்லாத்தான் இருக்கேன் சார்” என்பதை நம்ப வேண்டாம். பொய் சொல்லவில்லை, களைத்தவருக்குத் தன் களைப்பின் அளவு தெரியாது.

சிஎன்சியில் இது மாட்டும் இடம் ஆஃப்செட், அதாவது டூலின் நிலையைத் திருத்த மெஷினில் அடிக்கும் எண். இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்ந்து அளவு நகர்கிறது, 0.05 மி.மீ. திருத்தம் போட வேண்டும். கை 0.5 என்று அடித்துவிடும், அல்லது கழித்தல் குறி விட்டுப்போகும். ஜாப் ஸ்கிராப், சில நேரம் டூலே, ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்கில் மோதும். ஃபானுக் போன்ற கன்ட்ரோல்களில் வேர் ஆஃப்செட்டுக்கு (தேய்மானத் திருத்தத்துக்கு) உச்சவரம்பு வைக்க பாராமீட்டர் இருக்கிறது, மெயின்டனன்ஸில் சொல்லிப் போட்டு வையுங்கள். செட்டிங் மாற்றம், புது ஜாப் இரண்டையும் 2 மணிக்கு முன்பே முடியுங்கள். 3 முதல் 5 வரை ஓடிக்கொண்டிருக்கும் ஜாப் மட்டும். தவிர்க்கவே முடியாவிட்டால் ஒருவர் எண்ணை அடிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்து உரக்கப் படிக்கட்டும். முதல் பீஸை வேறொருவர் அளக்கட்டும்.

டபுள் ஷிப்ட்டில் இவை எதுவும் எடுபடாது. காலை 6 மணிக்கு எழுந்து செகண்ட் ஷிப்ட் பார்த்தவர் நைட்டுக்கும் நின்றால், இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கை, கண் தடுமாற்றம் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டவே வரம்பு 30. லீவு போட்டவருக்கு மாற்று ஆள் கிடைக்காவிட்டால் ஒரு மெஷினை நிறுத்துவதே மலிவு.

ஷிப்ட் வாராவாரம் மாறினால் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்ற வரிசையில் போகட்டும். நைட்டுக்கு மாறும் முதல் நாள் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். அன்றுதான் பலரும் காலையிலிருந்து விழித்தபடியே வந்து நிற்பார்கள்.

6 மணிக்கு பைக் எடுக்கும் முன் கண் எரிகிறது என்பவரை ரெஸ்ட் ரூமில் 20 நிமிடம் படுக்க வையுங்கள், அல்லது கம்பெனி வேனில் ஏற்றி அனுப்புங்கள். பைக் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.