பாய்காட் என்பது யார்?

கேள்வி: எங்கள் செம்பூர் சொசைட்டியில் மீட்டிங்கை ‘பாய்காட்’ செய்வோம் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். இதில் ‘பாய்’ எங்கிருந்து வந்தான்?
– வாசகி, மும்பை

பதில்: பையனும் இல்லை, கட்டிலும் இல்லை, அது ஒருவரின் பெயர். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். 1880-இல், குத்தகையைக் குறைக்கச் சொன்னவர்களை அவர் காலிசெய்யப் பார்க்க, ஊரே அவரை ஒதுக்கிவைத்தது (நம்ம ஊர் விலக்கு மாதிரிதான், ஆனால் இங்கே மாட்டிக்கொண்டவர் அதிகாரத்தில் இருந்தவர், அதுதான் சுவாரசியம்). வேலைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. அப்புறம் வெளியூரிலிருந்து சுமார் 50 பேரைப் பட்டாளப் பாதுகாப்போடு கூட்டிவந்து அறுவடையை முடித்தார்கள், செலவோ விளைச்சலின் மதிப்பைவிடப் பல மடங்கு. டிசம்பரில் அவர் அயர்லாந்தை விட்டே கிளம்பினார். அதற்குள் பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல்லாக்கியிருந்தன.