புல்கட்டி வீடும் ஒரு பள்ளி ப்ராஜெக்டும்

கேள்வி: நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒமாஹாவில். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ‘பயனியர் பிள்ளைகளின் வாழ்க்கை’, அதாவது அந்தக் காலத்தில் இங்கே புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வாரம் டைம். எனக்கே இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவளுக்கு எப்படி உதவுவது? – ஒரு வாசகி

பதில்: தெரியாததும் நல்லதுதான், இரண்டு பேரும் சேர்ந்தே தேடலாம். உடை, உணவு, பள்ளி, விளையாட்டு என்று நாலு கட்டம் போட்டு நிரப்ப மட்டும் விடாதீர்கள், எட்டு வயதுப் பிள்ளை அப்படி எழுதுவது மறுநாளே மறந்துபோகும். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நெப்ராஸ்கா மாநிலத்திலேயே கஸ்டர் கவுண்டி என்ற இடத்தில் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886-இல் தொடங்கி, வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் குடியேறிகளைப் படம் எடுத்தார். அந்தப் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு படத்தில் குடும்பமே வெட்டவெளியில் நிற்கிறது, பக்கத்தில் ஆர்கன் என்ற பெரிய இசைப்பெட்டி. வீட்டைக் காணோம். வீட்டுக்காரம்மா ஊரில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு ஆர்கனைக் காட்ட ஆசைப்பட்டாராம், ஆனால் மண் வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்தால் வெட்கம் என்று, அவ்வளவு கனமான பெட்டியை வெளியே இழுத்து வரச்சொல்லிவிட்டார். இதை உங்கள் மகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். படத்தை மட்டும் காட்டி, “ஏன் இதை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அங்கிருந்து அவள் கேட்கக் கேட்க மற்றதெல்லாம் வரும். ஏன் மண் வீடு? அந்தச் சமவெளியில் மரம் மிகக் குறைவு, அதனால் புல்லின் வேரோடு தரையைப் பாளம் பாளமாக உழுது வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கினார்கள். சுவர் கனமாக இருந்ததால் கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும், சில சமயம் பாம்பும் விழும்! விறகு இல்லாத ஊரில் அடுப்புக்கு என்ன செய்தார்கள்? காட்டெருமைச் சாணமும் மாட்டுச் சாணமும் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கிவருவது பிள்ளைகளின் வேலை. இந்த இடத்தில் ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள், வறட்டி தட்டிய கதை அவரிடம் இருந்தால் மகளே கேட்டு எழுதிக்கொள்ளட்டும், அதுவும் ஆராய்ச்சிதான்.

அப்புறம், கையால் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். நான் பக்கத்து வீட்டுப் பையனோடு செய்தது வெண்ணெய். மூடி இறுக்கமான பாட்டிலில் கால்வாசி ஹெவி க்ரீம் ஊற்றிக் குலுக்கினோம். முதலில் சளக் சளக் என்றது, பிறகு நுரைத்துக் கெட்டியாகி சத்தமே இல்லை, “கை வலிக்குது ஆன்ட்டி, வரவே வராது” என்று அவன் பாட்டிலை என்னிடம் நீட்டினான். இன்னும் கொஞ்சம் குலுக்கடா என்றேன். திடீரென்று தொப் தொப் என்று உள்ளே ஏதோ உருண்டது, திறந்தால் மஞ்சள் உருண்டையும் மோரும். அந்தக் காலத்தில் இதைச் செய்த பிள்ளைகளின் கைகளைப் பற்றி அவனாகவே பேச ஆரம்பித்துவிட்டான்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை பியாட்ரிஸ் ஊருக்கு அருகில் இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போய்வாருங்கள், ஒமாஹாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். 1872-இல் கட்டிய ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று அங்கே அப்படியே நிற்கிறது.

கேள்வி: பயனியர்கள் குடியேறிய அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்டதுதானே? சின்னப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லலாமா? – ஓர் ஆசிரியை

பதில்: சொல்லத்தான் வேண்டும். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர், கட்டணம் மொத்தமே 18 டாலர் என்று படித்ததும், “அதுக்கு முன்னாடி அங்கே யார் இருந்தாங்க?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நெப்ராஸ்காவில் வாழ்ந்த பாவ்னி மக்கள் 1870-களில் ஓக்லஹோமா பக்கம் போக நேர்ந்தது. அவர்கள் இருந்த ஜெனோவா என்ற ஊரில் 1884-இல் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றை அரசு திறந்தது, 1934 வரை நடந்தது, தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. தாய்மொழியில் பேசக்கூடாது என்றால் எப்படி இருக்கும் என்பது எட்டு வயதுக்கு நன்றாகவே புரியும். குடியேறிகளின் பிள்ளைகளும் கஷ்டப்பட்டவர்கள்தான், 1888 ஜனவரி 12-ஆம் தேதி பள்ளி நேரத்தில் வந்த பனிப்புயலில் எத்தனையோ பிள்ளைகள் வழியிலேயே இறந்துபோனார்கள். ஒரு கஷ்டத்தைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே சார்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் இணையத்தில் இருப்பதை அப்படியே காப்பி அடிக்கிறான். என்ன செய்வது? – ஒரு தந்தை

பதில்: படித்து முடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, சாப்பிடும்போது உங்களிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நடுவில் “அது எப்படி?” என்று கேட்க வேண்டும், தெரியவில்லை என்றால் திரும்பப் போய்ப் பார்த்து வரட்டும். சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். இரண்டு மூன்று எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தப் போகாதீர்கள்.