ஒரு குரல், ஒரு கிடார்: ஜானி கேஷின் 1994 ஆல்பம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: 'ஹர்ட்' 2002 ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பம் வரிசையே 1994-இல் வந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பத்தில்தான் ஆரம்பித்தது. அதை எடுங்கள். அப்போது அவருக்கு 62 வயது. பதின்மூன்று பாட்டு, எல்லாவற்றிலும் அவர் குரலும் கிடாரும் மட்டும்தான். வேலை பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் ஒன்றும் ஒட்டாது. உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேள்வி: அதற்கு முன்னால் அவ்வளவு பெரிய பாடகரைக் கம்பெனி கைவிட்டதாமே, எப்படி?

பதில்: விற்பனை படுத்துவிட்டது, வேறென்ன! 1950-களில் மெம்பிஸில் சன் ரெக்கார்ட்ஸில் தொடங்கியவர்; 1968-இல் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன் பாடிய ஆல்பம் அவரை உச்சத்தில் வைத்தது. எண்பதுகளில் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமத்துப் பாணி இசை) வானொலி புதுமுகங்கள் பக்கம் போய்விட்டது. 1984-இல் ஒரு பாட்டு பாடினார்: அவர் மூளையை எடுத்து ஒரு கோழிக்கு வைத்துவிடுகிறார்கள் என்பது கதை. நான் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே வந்த பாட்டு. அவருக்கே அது பிடிக்காமல் போனது. 1986-இல் கொலம்பியா கம்பெனி அவரை விட்டுவிட்டது. அப்புறம் போன மெர்க்குரியிலும் பெரிதாக எதுவும் ஓடவில்லை.

கேள்வி: ராப்பும் மெட்டலும் தயாரித்த ரிக் ரூபின் இந்த ஆல்பத்தைத் தயாரிக்க எப்படி வந்தார்?

பதில்: பலருக்கும் அப்போது இதே சந்தேகம்தான். ரன்-டிஎம்சி என்ற ராப் குழு, ஸ்லேயர் என்ற மெட்டல் குழு என்று பதிவு செய்தவர், தாடியும் நீள முடியுமாக ஒரு ஆள். ஆனால் அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: கிடாரோடு உட்காருங்கள், உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடுங்கள். தனியாக ஒரு ஆல்பம் பாட வேண்டும் என்பது கேஷுக்கும் பல வருட ஆசை. லாஸ் ஏஞ்சல்ஸில் ரூபின் வீட்டு வரவேற்பறையிலும், டென்னசியில் கேஷின் மரக்குடிலிலும் பதிவு நடந்தது. நடுவில் வாத்தியக்காரர்களை வைத்தும் முயன்று பார்த்தார்கள். ஒத்திகைபோல எடுத்த தனிப்பாட்டே மேல் என்று அதற்கே திரும்பிவிட்டார்கள். ரூபின் செய்த பெரிய காரியம், கைவைக்காமல் இருந்ததுதான் என்பேன்.

கேள்வி: முதல் பாட்டிலேயே காதலியைச் சுட்டுவிடுகிறான். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே?

பதில்: இருக்கத்தான் வேண்டும். நம் ஊரில் சந்தையில் அச்சடித்து விற்ற கொலைச்சிந்து தெரியுமா? அந்த ஜாதி. 1900 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜார்ஜியா மாநிலம் சவானாவில் டீலியா கிரீன் என்ற 14 வயதுச் சிறுமி சுட்டுக் கொல்லப்பட்டாள். அதிலிருந்து வளர்ந்த பாட்டு. பழைய கதைப்பாடல்களில் பெண் சாவது சகஜமாக இருப்பது எனக்கும் உறுத்தும். ஆனால் இவர் கொலைகாரனுக்காக வக்கீல் வேலை பார்க்கவில்லை. தட்டையான குரலில் வாக்குமூலம் கொடுக்கிறார்; நடுங்குவது நாம்தான். மாடல் கேட் மாஸ் நடித்த அதன் வீடியோவும் சர்ச்சையானது.

கேள்வி: பாஞ்சோ இல்லை, ஃபிடில் இல்லை. இது கன்ட்ரியா சார்?

பதில்: கிராமி விருதுக்காரர்களே இதை 'சமகால ஃபோக்' பிரிவில்தான் சேர்த்து விருது கொடுத்தார்கள். கன்ட்ரி வானொலி கண்டுகொள்ளவே இல்லை. ராக் பாடகர் டாம் பெட்டி குழுவோடு செய்த அடுத்த ஆல்பம் கன்ட்ரி பிரிவிலேயே கிராமி வாங்கியது. அதையும் வானொலி சீண்டவில்லை. உடனே பில்போர்ட் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம்: கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய படம், கூடவே கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் இசை உலகத்துக்கும் வானொலிக்கும் 'நன்றி'!

கேள்வி: அட்டையில் நிற்கும் இரண்டு நாய்கள் அவருடையதா?

பதில்: ஆஸ்திரேலியாவில் எடுத்த படம் அது. ஒரு பேட்டியில் கறுப்பு நாய்க்குப் 'பாவம்', வெள்ளைக்கு 'மீட்பு' என்று பெயர் சொன்னார். ஆல்பம் முழுக்க அந்த இரண்டும்தானே ஓடுகின்றன.

கேள்வி: ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள்.

பதில்: 'தி பீஸ்ட் இன் மீ'. தனக்குள் கட்டிவைத்த மிருகம் பற்றியது. எழுதியவர் நிக் லோ, ஒரு காலத்தில் கேஷின் மனைவி ஜூன் கார்ட்டருடைய மகளின் கணவர். பாதி எழுதிக் கேஷிடம் பாடிக் காட்டிவிட்டார். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் அது என்ன ஆயிற்று என்று மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார். மாத்திரைப் பழக்கத்தோடு பல வருடம் மல்லுக்கட்டிய மனிதர் பாடும்போது அது வேறு கனம்.

கேள்வி: வீட்டில் பதிவு என்கிறீர்கள், கடைசிப் பாட்டில் கூட்டம் சிரிக்கிறதே?

பதில்: அதுவும் இன்னொரு பாட்டும் ஹாலிவுட் பக்கம் வைப்பர் ரூம் என்ற சின்ன கிளப்பில் மேடையில் எடுத்தவை. நடிகர் ஜானி டெப்புக்கும் பங்கு இருந்த இடம். அழவே முடியாத ஒருவனின் கதை அந்தக் கடைசிப் பாட்டு. சிரிப்பு வந்தால் நீங்களும் சிரியுங்கள்.