சிங்கப்பூரில் சைக்கிளில் போகும்போது கார் இடித்துவிட்டால் என்ன செய்வது?

தம்பி, கேள்வியில் நீங்கள் எழுதியது இது: வேலை முடிந்து தங்குவிடுதிக்குச் சைக்கிளில் திரும்பும்போது பின்னால் வந்த கார் இடித்திருக்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து 100 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளாக மணிக்கட்டு வலிக்கிறது. போலீசுக்குப் போனால் வேலை அனுமதிக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் கை. இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால் எனக்கும் இதே மாதிரிதான் நடந்தது.

ஈசூனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், காலை ஏழு மணி இருக்கும். என்னை முந்திய கார் அப்படியே இடது பக்கம் திரும்பி ஒரு வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையப் பார்த்தது. நான் அதன் பக்கவாட்டில் மோதி, வலது கையை ஊன்றி விழுந்தேன். காரிலிருந்து இறங்கிய அம்மா பயந்துபோய் "ஓகேவா, ஓகேவா" என்று கேட்டார். நான் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "பரவாயில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த நேரத்தில் உண்மையிலேயே வலி தெரியவில்லை. விழுந்த அதிர்ச்சியில் உடம்பு வலியை அமுக்கி வைத்துவிடும். ராத்திரி கை வீங்கியபோதுதான் தெரிந்தது. மறுநாள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. மருத்துவமனையில் மறுபடி படம் எடுத்தபோது, கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டுக்குள் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல்.

கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்புகளில் இதுவும் ஒன்று. முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் மெதுவாகத்தான் கூடும். கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், பின்னாளில் மூட்டே தேய்ந்துவிடும். நீங்களே பார்க்கலாம்: கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அதை அழுத்தும்போது வலித்தால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும், பத்து, பதினைந்து நாளில் மறுபடி பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தலையில் அடிபட்டிருந்து வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்று ஏதாவது வந்தால் எதற்கும் காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் "கீழே விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சைக்கிளில் போகும்போது கார் இடித்தது, இந்தத் தேதி, இந்த இடம்" என்று சொல்லுங்கள். அவர் எழுதும் குறிப்புதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. ரசீது, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அப்புறம் போலீஸ். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விபத்தில் அடிபட்டவர் புகார் கொடுப்பது குற்றம் இல்லை. அதற்காக யாருடைய வேலை அனுமதியையும் போலீஸ் பறிப்பதில்லை. விபத்து நடந்தால் நிற்பதும், பெயர் விவரம் தருவதும், அடிபட்டவருக்கு உதவுவதும் சட்டப்படி ஓட்டுநரின் கடமை. பணத்தை நீட்டிவிட்டுப் போவதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. சைக்கிளோட்டியை இடித்தால் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இங்கே காப்பீட்டு நிறுவனங்களே ஓட்டுநர்களிடம் சொல்கின்றன. இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். பக்கத்திலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய், ஏன் தாமதம் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். 100 வெள்ளி வாங்கியதையும் மறைக்காதீர்கள். காகிதம் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? "இதோடு எல்லாம் தீர்ந்தது" என்ற மாதிரி எழுதியிருந்தால் வழக்கறிஞர் அதைப் பார்க்க வேண்டும். கையெழுத்து இல்லை என்றால், பணத்தை வாங்கியதால் மட்டும் இழப்பீட்டுக்கான கதவு மூடிவிடாது.

கார் எண் முழுதாக நினைவில்லையா? இங்கே எண் பலகையில் கடைசியில் வரும் எழுத்து, முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. அது மறந்தாலும் மற்றது நினைவிருந்தால் போதும். எனக்கு அன்றைக்கு எண்ணைப் பார்க்கவே தோன்றவில்லை. அடுக்குமாடி புளோக் கீழே நின்றிருந்த ஒரு மலாய்க்கார அண்ணன் காரைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவைத்தார். அந்த ஒரு படம் இல்லை என்றால் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. நீங்கள் விழுந்த இடத்துக்குக் கூட்டாளி ஒருவரோடு இன்றே போய்ப் பாருங்கள். கடை, காப்பிக்கடை, புளோக் என்று எங்கே கேமரா இருக்கிறது என்று குறித்து, புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவுகள் சில நாளிலேயே அழிந்துவிடும். சைக்கிளை இன்னும் சரிசெய்யாதீர்கள், எல்லாப் பக்கமும் படமெடுங்கள். கிழிந்த சட்டையையும் துவைக்காமல் வையுங்கள். ஹெல்மெட் அடி வாங்கியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், மறுபடி போடவேண்டாம்.

இழப்பீடு பற்றி. இங்கே ஓடும் எல்லா மோட்டார் வண்டிக்கும், பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடு கட்டாயம். அதனால் நீங்கள் கேட்கப்போவது அந்த ஓட்டுநரின் சட்டைப்பையிலிருந்து அல்ல, அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடம். கார் எண்ணை வைத்து எந்த நிறுவனம் என்று வழக்கறிஞர் கண்டுபிடித்துவிடுவார். இடித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும், காப்பீடே இல்லாத வண்டி என்றாலும், காயத்துக்கு உதவி கேட்க மோட்டார் காப்பீட்டாளர்கள் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் போலீஸ் புகார் வேண்டும். காயத்துக்கு வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. அதனால் முதல் தொகையைப் பார்த்தவுடன் தலையாட்ட வேண்டாம். கை முழுதாகக் குணமாகும்வரை அதன் உண்மையான செலவு யாருக்கும் தெரியாது.

என் விஷயத்தில் அந்த நிறுவனம் முதலில் கேட்டது இதைத்தான்: "இடத்திலேயே ஒன்றுமில்லை என்று சொன்னீர்களாமே?" அந்தப் "பரவாயில்லை" என்ற ஒரு வார்த்தையைச் சமாளிக்கவே என் வழக்கறிஞருக்குப் பல மாதம் ஆனது. நம் ஊரில் பிறந்தவர்களுக்கு அது மரியாதைச் சொல், எதிரே இருப்பவர் கலங்கினால் தானாக வாயில் வந்துவிடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அடிபட்ட இடத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள், "டாக்டர் பார்க்கட்டும்" என்று சொல்லுங்கள். பதினான்கு மாதம் கழித்து மருத்துவச் செலவும், எம்.சி.யில் இருந்த நாள்களுக்கான சம்பளமும், வலிக்கென்று ஒரு தொகையும் கிடைத்தன.

சாலையில் ஓட்டும்போது ஹெல்மெட் 2019 பிப்ரவரி முதல் கட்டாயம். போடவில்லை என்றாலும் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது, தொகை குறையலாம்.

வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடந்தது பெரும்பாலும் வேலையிடக் காயத்தில் சேராது, கம்பெனி வண்டியில் போயிருந்தால்தான் கணக்கு வேறு. சூப்பர்வைசர் ஏதாவது வாங்கிவரச் சொல்லி அனுப்பியபோது நடந்திருந்தால் அதை உடனே மனிதவள அமைச்சிடம் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி நடந்தாலும், வேலை அனுமதி உள்ளவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. படுக்கைச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதி இருக்கிறது. அதனால் முதலாளியிடம் மறைக்காதீர்கள். வாயால் சொல்வதோடு விடாமல் வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். சிகிச்சை முடியுமுன் ஊருக்குப் போ என்று யாராவது சொன்னால் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்றால் புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம்.

எக்ஸ்ரே எடுத்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள். விழுந்தது எந்தச் சந்திப்பு, எத்தனை மணி என்பதையும் மறப்பதற்குள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.