சி மொழியில் சரங்களும் எண்ணிக்கையும்: கேள்வி பதில்

மொரீஷியஸில் நம் குழுவினர் பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். சி மொழியில் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) நினைவகத்தை எண்ணிக்கை வைத்து ஆள்வது மட்டுமே இன்றைய பொருள்: ஒரு சரத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி, எவரும் இல்லாதபோது அழிப்பது. ஆங்கிலத்தில் ரெஃபரன்ஸ் கவுண்டிங். எந்த மடிக்கணினி வாங்கலாம் என்று கேட்ட இருவரும் கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளவும்.

ரோஸ் ஹில்லிலிருந்து: எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவுக்கு சி மொழியில் நிரல் எழுதியிருக்கிறேன். அடியார் பட்டியல், நேர்த்திக்கடன் பட்டியல், அன்னதானப் பட்டியல் மூன்றிலும் ஒரே ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் வருகின்றன. இப்போது ஒவ்வொன்றையும் நகலெடுத்து வைக்கிறேன். ரெஃபரன்ஸ் கவுண்டிங் எனக்குப் பொருந்துமா, ஐயா?

பொருந்தும், ஆனால் நினைவகம் மிச்சமாகும் என்பதற்காக அல்ல. 'ரோஸ் ஹில்' என்ற பெயர் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 25 பைட்டுகள், சரம் முடிவதைக் காட்டும் முடிவுச் சுழியுடன் 26. 64 பிட் லினக்ஸில், நினைவகம் பெற்றுத்தரும் செயற்கூறான வழக்கமான மால்லாக் அதற்கு 48 பைட்டுகளை ஒதுக்கும். ஐந்நூறு பதிவுகளில் நகலெடுத்தாலும் 24,000 பைட்டுகள்தான் ஆகும். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உங்களுடைய உண்மையான சிக்கல் வேறு. அன்னதானப் பட்டியலை அழிக்கும்போது பெயரையும் அழிக்கலாமா, அடியார் பட்டியல் அதை இன்னும் பயன்படுத்துகிறதா என்ற கேள்விக்கு நிரலில் எங்கும் விடை இல்லை. ஆகவேதான் பயந்து பயந்து நகலெடுக்கிறீர்கள். எண்ணிக்கை முறை அந்த விடையைச் சரத்தோடு சேர்த்தே வைத்துவிடுகிறது.

அமைப்பு எளியது. எழுத்துகளுக்கு முன்னால் 8 பைட் தலைப்பகுதி ஒன்றை வையுங்கள்: முதல் 4 பைட்டில் எண்ணிக்கை, அடுத்த 4 பைட்டில் நீளம். அதன்பின் எழுத்துகளும் முடிவுச் சுழியும் வரட்டும். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம் கட்டமைப்பின் கடைசி உறுப்பாக அளவு குறிக்காத அணியை அனுமதிப்பதால், இவை அனைத்தையும் ஒரே மால்லாக் அழைப்பில் பெறலாம். புதிய சரத்தின் எண்ணிக்கை 1. 'பிடி' என்றொரு செயற்கூறு அதைக் கூட்டும். 'விடு' என்றொரு செயற்கூறு குறைத்து, சுழியானால் நினைவகத்தைத் திருப்பித் தரும். ஒவ்வொரு பட்டியலும் தான் வைத்துக்கொள்ளும் பெயரைப் பிடிக்கும், தான் அழியும்போது விடும். மற்றப் பட்டியல்கள் என்ன செய்கின்றன என்று அது பார்க்க வேண்டியதில்லை.

இந்த முறையை 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் பட்டியல்களுக்காக எழுதினார். ஒன்றையொன்று சுட்டும் பொருள்கள் வட்டமாகிவிட்டால் எண்ணிக்கை ஒருபோதும் சுழியாகாது என்பது அதன் மீது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை. சரத்துக்குள் எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன, பாயின்டர்கள் (மற்றப் பொருள்களின் முகவரிகள்) இல்லை. எனவே வட்டம் உண்டாக வழியே இல்லை. அந்த முறையின் பெருங்குறை சரங்களைத் தொடுவதே இல்லை என்பதால்தான், வேறு எதற்குத் தயங்கினாலும் சரங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை, இன்று பலமுறை சொல்லப்போவது: பகிர்ந்த சரத்தில் எழுதாதீர்கள். ஒரு பட்டியலில் ஊரின் எழுத்துப்பிழையைத் திருத்தினால் மூன்று பட்டியல்களிலும் மாறிவிடும்.

மஹேபூர்க்கிலிருந்து: ஃப்ரீ செய்தபின் (நினைவகத்தைத் திருப்பித் தந்தபின்) பாயின்டரை நல் (எதையும் சுட்டாத மதிப்பு) ஆக்கிவிட்டால் போதாதா?

போதாது. அந்த ஒரு மாறி மட்டுமே நல் ஆகும். அதே முகவரியை வைத்திருக்கும் மற்ற மாறிகளுக்கு அது தெரியாது.

வாக்குவாவிலிருந்து: நீங்கள் சொல்லும் முறையில்தான் எழுதியிருக்கிறேன். பதிவில் ஊரை மாற்றும் செயற்கூறு முதலில் பழைய ஊரை விடுகிறது, பிறகு புதிய ஊரைப் பிடிக்கிறது. பெரும்பாலும் ஓடுகிறது, சிலசமயம் நிரல் நின்றுவிடுகிறது, அல்லது ஊர்ப்பெயர் இருக்குமிடத்தில் குப்பை வருகிறது.

இன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பயனர் படிவத்தைத் திறந்து, ஊரை மாற்றாமலேயே 'சேமி' பொத்தானை அழுத்துகிறார் என்று வையுங்கள். புதிய ஊரும் பழைய ஊரும் அப்போது ஒரே சரம். அந்த ஊரைச் சேர்ந்தவர் அவர் ஒருவரே என்றால் எண்ணிக்கை 1. உங்கள் செயற்கூறு முதலில் விடுகிறது: எண்ணிக்கை சுழியாகிறது, நினைவகம் போய்விடுகிறது. அடுத்த வரியில் போய்விட்ட அதே சரத்தைப் பிடிக்கிறீர்கள். அதே ஊரில் இன்னொருவர் இருந்தால் எண்ணிக்கை 2இலிருந்து 1 ஆகி மீண்டும் 2 ஆகும். பிழை வெளியே தெரியாது. சிலசமயம் மட்டும் நிற்பதன் காரணம் அதுதான். வரிசையை மாற்றுங்கள்: முதலில் புதியதைப் பிடியுங்கள், பிறகு பழையதை விடுங்கள். தனியாக ஒப்பிட்டுப் பார்க்கும் நிபந்தனைகூடத் தேவையில்லை.

இதைத் தொடக்கநிலைப் பிழை என்று யாரும் எண்ண வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் (கெர்னலில்) 2016 ஜனவரியில் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையும் இதே இடத்தில்தான் பிறந்தது, திசை மட்டும் நேர்மாறு. ஒரு நிரல் தன் சாவிக்கொத்துக்கு (ரகசியச் சாவிகளைக் கரு சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு) பதிலாக அதே சாவிக்கொத்தை மீண்டும் கேட்டால், பிடித்த எண்ணிக்கையை விடாமலேயே செயற்கூறு திரும்பிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டு 32 பிட் எண்ணிக்கையை 429 கோடிக்கும் மேல் ஏற்றினால் அது சுற்றி வந்து சுழியாகிவிடும். பயன்பாட்டில் உள்ள பொருளைக் கரு அழித்துவிடும். 2017இல் கருவில் சேர்ந்த புதிய எண்ணிக்கை வகை உச்சத்தைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. நினைவகம் கசிவது, அழிந்ததைத் தொடுவதைவிட மேல் என்பது அதன் கணக்கு.

ரெத்வீயில் படிக்கும் மாணவர்: 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் சொல்லும் செயற்கூறான எஸ்டிஆர்லென் 15 என்கிறதே?

ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். அது எண்ணுவது பைட்டுகளை. சரியாகவே எண்ணியிருக்கிறது.

குவாத்ர போர்னிலிருந்து: மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய சரத்தை 'விடு'வுக்கு அனுப்பலாமா?

கூடாது. பட்டியல்கள் வைத்திருப்பது எழுத்துகள் தொடங்கும் முகவரியை; 'விடு' அங்கிருந்து எட்டு பைட் பின்னால் சென்று தலைப்பகுதியைத் தேடும். கம்பைலர் (நிரலை இயந்திர மொழியாக்கும் கருவி) வைத்த சரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. அங்கே இருப்பது என்னவோ, அதைக் குறைக்கப் பார்க்கும். பெரும்பாலும் அது எழுத முடியாத பகுதி என்பதால் நிரல் உடனே நிற்கும், அதுவும் நல்லதே. மாறாச் சரங்களுக்கும் தலைப்பகுதியோடு நிலையான கட்டமைப்பு அமைத்து, எண்ணிக்கையில் ஒரு தனி மதிப்பை இட்டு, அதைக் கண்டால் பிடியும் விடுவும் ஒன்றும் செய்யாமல் திரும்புமாறு எழுதுங்கள். பைத்தான் 2023இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து தன் நிலையான பொருள்களை இப்படித்தான் நடத்துகிறது.

திரியோலேயிலிருந்து: விட்டபிறகு நல் ஆக்கினால் பாதுகாப்புதானே?

மஹேபூர்க் அன்பருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

கியூர்பிப்பிலிருந்து: ஐயா, மன்னிக்கவும், இது காலாவதியான உத்தி. ஜிசிசி கம்பைலரின் சி++ நூலகமே சரங்களைப் பகிர்வதை 2015இல் கைவிட்டது. நகலெடுப்பதே வேகம்.

நிகழ்வு உண்மை, முடிவு தவறு. ஜிசிசி 5 கைவிட்டது, எழுதக்கூடிய சரத்தைப் பகிர்ந்து, எழுதும் வேளையில் நகலெடுக்கும் முறையை. சி++ சரத்தில் ஓர் எழுத்தைக் கேட்டாலே, அதில் எழுதக்கூடிய இடத்தைத் தர வேண்டும். கேட்டவர் எழுதுவாரா என்று தெரியாததால், படிக்கக் கேட்டவருக்கும் நகலெடுக்க நேர்ந்தது. சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரம் அதற்கு இடமில்லாமல் செய்தது. நான் சொல்வது மாறாச் சரத்தைப் பகிர்வது. இங்கே அந்தச் சிக்கல் எழுவதில்லை. சி மொழிக்கான ஜிலிப் நூலகம் 2018இல்தான், தன் 2.58 பதிப்பில், எண்ணிக்கை வைத்த சர வகையைச் சேர்த்தது. காலாவதியானதை யாரும் புதிதாகச் சேர்ப்பதில்லை.

மீண்டும் கியூர்பிப்: ஆனால் அந்தப் புதிய சி++ சரம் குறுஞ்சரங்களைப் பொருளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது; மால்லாக்கே இல்லை. அதை உங்கள் முறை வெல்லுமா?

ஆங்கிலப் பெயர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. அந்த உள்ளிடம் 15 பைட்டுகள். 'தமிழ்' என்ற சொல் அதில் மயிரிழையும் மிச்சமின்றி அடங்கும். 'ரோஸ் ஹில்' அடங்காது. தமிழில் எழுதிய ஆட்பெயர்களில் பெரும்பாலானவை ஐந்து குறியீடுகளைத் தாண்டிவிடும், ஆகவே நம் பட்டியல்களில் அந்தச் சலுகை அரிதாகவே கிடைக்கும். பிறந்து உடனே மறையும் சரங்களுக்கு நகலே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று பட்டியல்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் பெயர்களுக்கு அல்ல.

எபேனில் பணிபுரிபவர்: இருவரும் த்ரெட்டுகளை (ஒரே நிரலில் ஒருசேர ஓடும் பணிகளை) மறந்துவிட்டீர்கள். அணுநிலைக் கூட்டல் (இடையில் வேறு த்ரெட் குறுக்கிட முடியாத கூட்டல்) மலிவானதல்ல.

மறக்கவில்லை, அதற்கு வந்துகொண்டிருந்தேன். ஒரே த்ரெட்டில் ஓடும் கோவில் பதிவு நிரலுக்குச் சாதாரணக் கூட்டல் போதும். தேவையற்ற விலை கொடுக்காதீர்கள். பல த்ரெட்டுகள் பகிர்ந்தால் சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தின் அணுநிலைச் செயல்கள் கட்டாயம். அதிலும் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு: எண்ணிக்கையை அணுநிலையில் குறைத்துவிட்டு, அடுத்த வரியில் அதைத் தனியாகப் படித்துச் சுழியா என்று பார்க்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் மற்றொரு த்ரெட்டும் குறைத்திருந்தால் இருவருமே சுழியைக் காண்பார்கள், இருவருமே அழிப்பார்கள். குறைக்கும் செயலே முந்தைய மதிப்பைத் திருப்பித் தருகிறது. அது 1 என்று கண்டவர் மட்டுமே அழிக்க வேண்டும். விலையைப் பற்றிச் சொன்னது உண்மை: ஒரே ஊர்ப்பெயரை எட்டு த்ரெட்டுகள் ஓயாமல் பிடித்து விட்டால், அந்த ஒரு நான்கு பைட்டுக்காகச் ப்ராசஸர்கள் அடித்துக்கொள்ளும். அங்கே த்ரெட்டுக்கு ஒரு நகல் வைப்பதே சரி. கியூர்பிப் அன்பர் மகிழ்ச்சியடையலாம்.

பொ பாசானிலிருந்து: பகிர்ந்த சரத்தின் முடிவில் 'அவர்கள்' என்று சேர்க்க ரீஅலாக் செய்தேன் (பெற்ற நினைவகத்தின் அளவை மாற்றினேன்). மற்றப் பட்டியல்கள் குழம்பிவிட்டன.

எழுதாதீர்கள் என்றேன், நீங்கள் எழுதியதோடு இடத்தையும் மாற்றிவிட்டீர்கள். ரீஅலாக் சரத்தை வேறு முகவரிக்கு நகர்த்தலாம். மற்றவர்களிடம் பழைய முகவரியே இருக்கும். எண்ணிக்கை 1 ஆக இருந்தால் மட்டும் அங்கேயே நீட்டுங்கள். இல்லையெனில் புதிய சரம் செய்து, பழையதை விடுங்கள்.

பாம்பிள்மூஸ்ஸிலிருந்து: நல் ஆக்கினால்...

மேலே பாருங்கள், இருமுறை உள்ளது.

ஃப்ளாக்கிலிருந்து: 'ஃப்ரீ(): இன்வேலிட் பாயின்டர்' என்று வந்து நிரல் நிற்கிறது. எங்கே தேடுவது?

எழுத்துகளின் முகவரியை 'விடு'வுக்குப் பதிலாக நேரே ஃப்ரீயிடம் கொடுத்திருக்கிறீர்கள். மால்லாக் தந்த முகவரி அதற்கு எட்டு பைட் முன்னால் உள்ளது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரை இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். எந்த வரியில் என்று அதுவே காட்டும். பிறகு நிரல் முழுவதிலும் ஃப்ரீ என்ற பெயரைத் தேடுங்கள். சரங்களைப் பொறுத்தவரை அது 'விடு'வுக்குள் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.