மஸில்லோடர் மான் வேட்டைக்கு எந்த மருந்து வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்த் தம்பி ஒருவர் வேலை மாற்றலாகிப் பென்சில்வேனியா போயிருக்கிறார். அலுவலக நண்பர் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். மஸில்லோடர், அதாவது குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடித்துச் சுடும் துப்பாக்கி, நண்பரே இரவல் தருவாராம். மருந்தை மட்டும் இவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கடையில் நாலைந்து வகை டப்பாக்கள் இருக்கின்றன. "தேசிய சேவையில் (என்எஸ்) எஸ்ஏஆர் 21 ராணுவத் துப்பாக்கி சுட்டிருக்கிறேன், இது முற்றிலும் புதிது. எதை வாங்குவது?" என்று கேட்கிறார்.

நானும் சிங்கப்பூர்தான், ஈசூன்காரன். வேலைக்காகப் பென்சில்வேனியாவில் சில ஆண்டுகள் இருந்தபோது இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பிய பிறகு துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. செந்தோசாவில் சிலோசோ கோட்டைப் பீரங்கிகளைப் பார்ப்பதோடு சரி.

தம்பி, டப்பாவைப் பிறகு பாருங்கள். நண்பரின் துப்பாக்கியில் நெருப்பு எந்த வழியாக மருந்துக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். சக்கிமுக்கிக் கல்லா, அடித்ததும் வெடித்துத் தீ தரும் செப்புக் கேப்பா, அதைவிட வலுவான 209 பிரைமரா? இது தெரிந்தால் நாலைந்து டப்பாவில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. என்எஸ்ஸில் நாம் சுட்ட 5.56 தோட்டாவுக்குள் இருப்பது புகையில்லா மருந்து. நைட்ரோசெல்லுலோஸ் வகை. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். மஸில்லோடர் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரே ஒரு தடவை போட்டாலும் குழல் பிளந்து கையையும் கண்ணையும் கொண்டுபோய்விடும். புகையில்லா மருந்துக்கென்றே வடிவமைத்த சாவேஜ் 10எம்எல் போன்ற விதிவிலக்குகள் உண்டு. உங்கள் நண்பரிடம் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. புகையில்லா மருந்தின் மேல் கிராஃபைட் பூசியிருப்பதால் அதுவும் கருப்பாகத்தான் இருக்கும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். பெயர் ஒட்டாத டப்பாவில் யார் எது கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

சரி, கல் அடித்துப் பற்றும் ஃப்ளிண்ட்லாக் என்றால் பேச்சே இல்லை, அசல் கருமருந்துதான். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய விகிதம். சின்னப் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகள் பற்றுவதற்கு இன்னும் அதிக வெப்பம் வேண்டும். கல்லின் பொறியை நம்பி அவற்றைப் போட்டால் பொறி விழும் வெளிக் கிண்ணியில் பளிச்சென்று எரியும், குழலுக்குள் ஒன்றும் நடக்காது. அல்லது ஒரு நொடி கழித்து நடக்கும், அது இன்னும் மோசம். அடியில் கொஞ்சம் கருமருந்து, மேலே மாற்று மருந்து என்று ஒப்பேற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடிக்க அதில் என்ன இருக்கிறது?

பென்சில்வேனியாவில் இந்தக் கேள்வி முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் வேட்டைப் பருவம் ஃப்ளிண்ட்லாக்குக்கு மட்டுமானது. 1974 முதல் நடக்கிறது. அக்டோபரில் கொம்பில்லா மானுக்கான மஸில்லோடர் பருவத்தில் கேப் துப்பாக்கியும் குழலுக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் நவீன இன்லைன் துப்பாக்கியும் செல்லும். நண்பர் எந்த மாதத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. டிசம்பர் கடைசி என்றால் அநேகமாகக் கல் துப்பாக்கிதான், அப்போது மருந்தும் முடிவாகிவிட்டது.

கருமருந்து டப்பாவில் எஃப் என்ற எழுத்து அடுக்கடுக்காக இருக்கும். எஃப் கூடக் கூட மணி பொடியாகும், எரியும் வேகம் கூடும். ஒரு எஃப் பெரிய குழல்களுக்கு. 0.50 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் வழக்கமாக 2எஃப், 0.45உம் அதற்குக் கீழும் 3எஃப். 4எஃப் மாவு போல இருக்கும், ஃப்ளிண்ட்லாக்கின் கிண்ணியில் தூவ மட்டும். அதைக் குழலுக்குள் கொட்டக் கூடாது. 0.50இல் 3எஃப் போடுபவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான், அழுக்கு குறைவாகப் படிவது போல எனக்குத் தோன்றும். ஆனால் அதே அளவுக்கு 3எஃப் அழுத்தம் கூடுதலாகத் தரும், எனவே அளவைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்துத் தொடங்க வேண்டும். கோயெக்ஸ், ஸ்விஸ், ஷூட்சன் என்ற கருமருந்து பிராண்டுகள் கண்ணில் படும். லூசியானாவில் இருக்கும் கோயெக்ஸ் ஆலை 2021இல் மூடப்பட்டதும் பல பேர் கலங்கிப்போனார்கள். மறு ஆண்டு பொம்மை ராக்கெட்டுக்குப் பேர்போன எஸ்டஸின் சகோதர நிறுவனம் அதை வாங்கி மறுபடி ஓட்டியது. ஸ்விஸ் மருந்து கொஞ்சம் வீரியமானது. ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழைய அளவையே நம்பக் கூடாது.

அசல் கருமருந்தில் ஒரு தொல்லை, அது எல்லாக் கடையிலும் கிடைக்காது. சட்டப்படி அது வெடிபொருள் என்பதால் விற்பவருக்கு அதற்கான உரிமமும் தனிக் கிடங்கும் வேண்டும். பெரிய விளையாட்டுச் சாமான் கடைகள் அந்த வம்பே வேண்டாம் என்று மாற்று மருந்துகளை மட்டும் அடுக்கி வைத்திருக்கும். நீங்கள் பார்த்த நாலைந்து டப்பாவும் அந்த ரகமாகத்தான் இருக்கும். கருமருந்து வேண்டுமென்றால் மஸில்லோடருக்கென்றே இருக்கும் சிறு கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்து செப்புக் கேப் மாட்டும் பக்கச் சுத்தியல் துப்பாக்கி. கேப் என்றால் சின்ன வயதில் பொம்மைத் துப்பாக்கியில் வெடித்தோமே, அது போன்ற ஒன்றுதான், வீரியம் கூடுதல். இதற்கு அசல் கருமருந்தும் போடலாம், மாற்று மருந்துகளான பைரோடெக்ஸும் போடலாம், டிரிபிள் செவனும் போடலாம். பைரோடெக்ஸ் 1970களின் நடுவில் வந்தது. கருமருந்தின் அதே சரக்குகளோடு பெர்குளோரேட்டும் வேறு சிலவும் சேர்த்த கலவை. அதை உருவாக்கிய டான் பாவ்லக் 1977இல் வாஷிங்டன் மாநிலத்தில் தன் ஆலையில் நடந்த வெடிவிபத்திலேயே இறந்துபோனார். மாற்று மருந்து என்றால் சாதுவான மருந்து என்று நினைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. பைரோடெக்ஸ் சுலபமாகக் கிடைக்கும், ஓரளவு மலிவு. ஆனால் பெர்குளோரேட் எரிந்து மிஞ்சுவது உப்பு. அன்று இரவே கழுவாவிட்டால் குழல் துருப்பிடிக்கும்.

டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, அழுகிய முட்டை வாடை வராது, வெறும் தண்ணீரிலேயே கழுவலாம். அதே கொள்ளளவுக்குக் கருமருந்தை விடச் சுமார் 15 சதவீதம் வலு கூடுதல். அதனால் அளவை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். குண்டு உட்காரும் இடத்தில் ஒரு கெட்டியான அழுக்கு வளையம் கட்டும் என்பது இதன் மேல் எல்லாரும் சொல்லும் குறை. ஒவ்வொரு சுடலுக்கும் நடுவே ஈரத் துணி ஒன்றை விட்டு இழுத்தால் சமாளிக்கலாம்.

நண்பருடையது நவீன இன்லைன் துப்பாக்கி, 209 பிரைமர் போடுவது என்றால் என் கை பிளாக்ஹார்ன் 209 டப்பாவைத்தான் எடுக்கும். விலை உறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அழுக்கு மிகக் குறைவு, பல முறை துடைக்காமலே சுடலாம், ஈரத்தையும் அவ்வளவாக இழுக்காது. இதுவும் நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலானதுதான், கருமருந்துக்குரிய அழுத்தத்துக்குள் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். வலுவான 209 பிரைமர் இல்லாமல் இது சரியாகப் பற்றாது. கேப் துப்பாக்கிக்கும் கல் துப்பாக்கிக்கும் ஆகாது. இதைக் கழுவத் தண்ணீர் உதவாது, சாதாரணத் துப்பாக்கிகளுக்குப் பயன்படுத்தும் கரைப்பான் வேண்டும்.

உருளை வில்லைகளாக வரும் மருந்தும் உண்டு. 50 கிரெயின் (மருந்து அளக்கும் அலகு) வில்லை இரண்டைப் போட்டால் 100. அளக்க வேண்டாம், குளிரில் விரல் மரத்துப்போன நேரத்தில் வசதி. ஆனால் 5 கிரெயின் கூட்டிக் குறைத்து உங்கள் குழலுக்குப் பிடித்த அளவைக் கண்டுபிடிக்க வழியில்லை. பைரோடெக்ஸ் வில்லையில் ஒரு முனையில் கருப்புப் பூச்சு இருக்கும், அந்த முனை பிரைமர் பக்கம் பார்க்க வேண்டும். சில மாநிலங்களில் வில்லைக்கே அனுமதியில்லை. கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் கூடாது. நாளை வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குப் போனால் அங்குள்ள விதியைப் படித்துவிட்டு மருந்து வாங்குங்கள். உங்கள் மாநிலத்துக்குப் பென்சில்வேனியா கேம் கமிஷன் ஆண்டுதோறும் விதித் தொகுப்பு வெளியிடும்.

இப்போது பலரும் குழம்பும் இடம். மஸில்லோடரில் கிரெயின் என்று சொல்வது எடையல்ல, கொள்ளளவு. கருமருந்தை அளக்கும் குப்பியில் 100 கோடு வரை நிரப்பினால் அது ஏறக்குறைய 100 கிரெயின் எடையும் இருக்கும், அதாவது 6.5 கிராம். மாற்று மருந்துகள் லேசானவை. அதே 100 கோடு வரை பிளாக்ஹார்ன் நிரப்பினால் எடை சுமார் 70 கிரெயின்தான் வரும். மின் தராசை எடுத்து வைத்துக்கொண்டு 100 கிரெயின் பிளாக்ஹார்னை நிறுத்துப் போட்டால் அது குப்பிக் கணக்கில் 140ஐத் தாண்டிவிடும். அந்த மருந்துக்கு உச்ச வரம்பே 120. தராசில் துல்லியமாகச் செய்கிறோம் என்று நம்பிச் செய்கிற ஆபத்து இது. குப்பியாலேயே அளந்துவிடுங்கள்.

எவ்வளவு போடுவது? துப்பாக்கியோடு வந்த கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. பொதுவாக 0.50 குழலில், துணி சுற்றிய ஈய உருண்டைக்கு 60 முதல் 90 கிரெயின் வரை கருமருந்து போடுவார்கள். கீழிருந்து தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, தாளில் குண்டுகள் எங்கே நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். மானைச் சுடுவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். அதற்கு மேலும் மருந்தைக் கொட்டினால் தோள் வலியும் புகையும்தான் கூடும். அந்தப் புகை இருக்கிறதே, சுட்டதும் முன்னால் வெள்ளைத் திரை. மான் எந்தப் பக்கம் ஓடியது என்று பார்க்கச் சட்டென்று குனிய வேண்டும், புகைக்குக் கீழே தெரியும்.

கெட்டிக்கும்போது மறக்கக் கூடாதவை சில. டப்பாவிலிருந்தோ மருந்து வைக்கும் கொம்புக் குடுவையிலிருந்தோ நேராகக் குழலில் கொட்டாதீர்கள். முந்திய சுடலின் கங்கு உள்ளே இருந்தால் கையில் இருக்கும் மொத்த மருந்தும் பற்றும். அளந்து, குப்பியிலிருந்து கொட்டுங்கள். குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும்; இடிகோலில் ஒரு கோடு போட்டு வைத்தால் பார்த்ததும் தெரியும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழல் வாயைப் பத்திரமான பக்கம் பிடித்தபடியே ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று குளிர். இரவு துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் நீர் கோக்கும், காலையில் மருந்து நமத்துக் கிடக்கும். பாதுகாப்பாகப் பூட்டக்கூடிய, குளிர்ந்த இடத்திலேயே வைப்பது வழக்கம். கருமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகும், அதில் ஒரு பகுதி குழலில் தங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும். பிறகு அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன்பு அந்த எண்ணெயைத் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுடல் சதி செய்யும். இவ்வளவு வேலைக்குப் பொறுமை இல்லாதவர் இன்லைனோடு நிற்பது நல்லது. இது என் அபிப்பிராயம், கல் துப்பாக்கி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, உரிமம் இரண்டையும் இப்போதே கவனியுங்கள். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி கையாள்வதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வரும்போது மருந்து, கேப், பிரைமர் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. கருமருந்தையும் கேப்பையும் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அது போக, தீபாவளிப் பட்டாசையே 1972இல் தடை செய்த ஊர் நம்முடையது. மிச்ச மருந்தை அசல் டப்பாவிலேயே நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டின் பைகளை எல்லாம் வெளியே இழுத்து உதறிப் பாருங்கள். கேப் ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சாங்கி விமான நிலையத்தில் நெடுநேரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.